முதலில் தோளை அளப்பவர்



நாம் படிக்கிற இந்த ஊர்ப்பக்கம் இரும்புக்குப் பெயர் போனது. ஆவடியில் 1961-ல் தொடங்கிய கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்துதான் 1965-ல் முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் சத்தம் கேட்காத தெருவே கிடையாது. இப்படிப்பட்ட இடத்தில் உட்கார்ந்துகொண்டு நான் மரத்தைப் பற்றி எழுதப் போகிறேன். அதுவும் துப்பாக்கியில் இருக்கிற மரத்தைப் பற்றி!

துப்பாக்கியின் இரும்புப் பாகத்தைத் தாங்கிக்கொண்டு, தோளிலும் கன்னத்திலும் பதிகிற கட்டையைத்தான் ஸ்டாக் என்கிறார்கள். கடையில் வாங்கிய துப்பாக்கியின் கட்டை ஒருவருக்கு ஒத்துவரவில்லை என்று வைத்துக்கொள்வோம். அவர் உடம்புக்கு ஏற்ற மாதிரி ஒன்று புதிதாகச் செய்ய வேண்டும். அந்த வேலையை யாரை நம்பிக் கொடுப்பது? என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலையைத் தொடுவதற்கு முன்னால் யார் நம்மிடம் அதிகமாகக் கேள்வி கேட்கிறாரோ, அவரிடம்தான் கொடுக்க வேண்டும். பளபளப்பு, விலை, தேதி எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இது என்ன நமக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இன்னும் ஒரு வருடத்தில் நாமும் யாராவது ஒருவரால் தேர்ந்தெடுக்கப்படப் போகிறவர்கள்தானே!

எனக்கு இந்த யோசனை வரக் காரணம், நம் கல்லூரி மூன்றாமாண்டு மின்னணுவியல் அக்கா ஒருவர். என்.சி.சி.யில் சுடப் பழகியவர். உயரம் நாலடி பத்து அங்குலம். என்.சி.சி. துப்பாக்கி அரசாங்கச் சொத்து. அதில் ஒரு திருகாணியைக்கூட நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. அதனால் சொந்தமாகப் பழகுவதற்கு, செகண்ட் ஹேண்டில் ஒரு .177 காற்றுத் துப்பாக்கி வாங்கினார். அது வளர்ந்த ஆண் ஒருவரை மனதில் வைத்துச் செய்த கட்டை. அக்கா தோளில் வைத்தால் விசைக்கு விரல் எட்டவில்லை. கன்னத்தை வைத்தால் கண் சைட்டுக்குக் கீழே போய்விடுகிறது. கழுத்தை நீட்டி, தோளைத் தூக்கி, பத்து நிமிஷத்தில் கை நடுங்க ஆரம்பித்துவிடும்.

அளவு கொஞ்சம் கூடக்குறைய இருந்தால் என்ன என்று கேட்பீர்கள். நாம் டிப்ளமா மாணவர்கள், கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் பத்து மதிப்பெண்ணுக்கான புள்ளியின் விட்டம் வெறும் அரை மில்லிமீட்டர். 4.5 மி.மீ. பெல்லட் அந்தப் புள்ளியைத் தொட வேண்டும். முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவே 75 செ.மீ. தூரம் என்று வையுங்கள். அந்தத் தூரத்தில் நம் பார்வை 0.1 மி.மீ. பிசகினால், 10 மீட்டர் தள்ளி இருக்கிற அட்டையில் சுமார் 1.3 மி.மீ. தள்ளிப்போகும். கன்னம் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் உட்கார வேண்டும் என்று பயிற்சியாளர்கள் கத்துவது இதனால்தான். அதை உட்கார வைப்பது கட்டை. 2008-ல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியதும், சென்னையில் பிறந்த ககன் நரங் 2012-ல் லண்டனில் வெண்கலம் வாங்கியதும் இந்த 10 மீட்டர் போட்டியில்தான். இன்றைக்கு அந்த அளவில் சுடுகிறவர்கள் நீளம், உயரம் எல்லாம் திருகித் திருத்தக்கூடிய அலுமினியக் கட்டைகள் வைத்திருக்கிறார்கள். அந்த வெளிநாட்டுத் துப்பாக்கிகளின் விலை லட்சக்கணக்கில். நம்மைப் போன்றவர்களுக்கு மரமும் ஒரு நல்ல கையும்தான் வழி.

எல்லோருக்கும் ஒரே கட்டை போதாது என்பது பட்டாளத்துக்கும் தெரிந்த விஷயம். நம் போலீஸ்காரர்கள் பல வருடம் தோளில் சுமந்த .303 லீ என்ஃபீல்டு துப்பாக்கியை மேற்கு வங்கத்தில் இருக்கிற இஷாப்பூர் தொழிற்சாலையிலும் செய்தார்கள். அதன் பின்கட்டை நீளம், சாதாரணம், குட்டை, மிகக் குட்டை என்று நாலு அளவில் உண்டு. ஒவ்வொன்றுக்கும் அரை அங்குல வித்தியாசம். சட்டை மாதிரிதான். நாலு அளவில் ஒன்று ஓரளவுக்குப் பொருந்தும். தையற்காரர் அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்காது.

இயந்திரவியல் நண்பர்களுக்கு இன்னொரு செய்தி. ஒரு மாதிரியைத் தடவிப் பார்த்தபடியே அதே வடிவத்தை வெட்டுகிற காப்பியிங் லேத் பற்றிப் படிக்கிறோம் அல்லவா? கோணல்மாணலான வடிவத்தைக் கடையும் அந்த இயந்திரத்துக்கு அமெரிக்காவில் தாமஸ் பிளான்சார்டு என்பவர் 1819-ல் காப்புரிமை வாங்கினார். எதற்காகத் தெரியுமா? துப்பாக்கிக் கட்டை செய்வதற்காக! ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச்சாலையில் அது ஓடியது. ஒரே மாதிரி ஆயிரக்கணக்கில் கட்டை வேண்டும் என்றால் இயந்திரத்தை மிஞ்ச ஆளில்லை. ஆனால் நாலடி பத்து அங்குல அக்காவுக்கு ஒன்றே ஒன்று வேண்டும் என்றால், யாராவது ஒருவர் முதலில் அந்த அக்காவைப் பார்க்க வேண்டும்.

முதலில் அக்கா போனது மரச்சாமான் கடை ஒன்றுக்கு. கடைக்காரர் போனில் படங்கள் காட்டினார். கட்டில், சோபா, பூஜை அறைக் கதவு... வேலைப்பாடு கண்ணைப் பறித்தது. "பழைய கட்டையைக் குடுத்துட்டுப் போங்கம்மா, அதே மாதிரி ரெண்டு இஞ்சு கம்மி பண்ணிடறேன், சனிக்கிழமை வாங்கிக்கோங்க" என்றார். 4,500 ரூபாய். சொன்ன சனிக்கிழமையே கொடுத்தும் விட்டார். கண்ணாடி மாதிரி வார்னிஷ்! அவர் அக்காவிடம் கேட்ட கேள்வி மொத்தமே ஒன்றுதான்: "கலர் லைட்டா வேணுமா, டார்க்கா வேணுமா?"

ஐப்பசி மழை பிடித்ததும் கைப்பிடி இடத்தில் மயிரிழை மாதிரி ஒரு கோடு. ஒரு மாதத்தில் அது பிளவானது.

என் அப்பா பூந்தமல்லிப் பக்கம் மரம் அறுக்கும் மில்லில் தினக்கூலி. எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியது நான்தான் முதல். அந்த உடைந்த கட்டையை அப்பாவிடம் காட்டினேன். அரை நிமிஷம் திருப்பிப் பார்த்தார். "நாரு குறுக்கால ஓடுதுடா. புடி கிட்ட மரம் சன்னம். அங்க நாரு நீட்டுவாக்குல ஓடணும். பலகைய எப்படி வச்சி வெட்டணும்னு பாக்காமயே வெட்டியிருக்கான். மரமும் பச்சை" என்றார். நம் ஒர்க்‌ஷாப் புத்தகத்தில் இது ஒரு பத்தியில் இருக்கிறது. நார் போகிற திசையில் மரம் ஏறக்குறைய சுருங்குவதே இல்லை. குறுக்கே சுருங்கும். ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில், மையத்திலிருந்து வெளியே போகிற திசையைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு சுருங்கும். தேர்வில் எழுதி ஐந்து மதிப்பெண் வாங்குகிறோம். அப்பா அந்தப் புத்தகத்தைப் பார்த்ததில்லை. ஆனால் மரம் ஏன் பிளந்தது என்று சொன்னவர் அவர்தான்.

அடுத்து யாரிடம் போவது என்று கேட்டேன். அப்பா சொன்ன பதிலை நீங்கள் எல்லோரும் குறித்துவைத்துக்கொள்ளலாம். "மில்லுக்கு மரம் வாங்க வர்றவங்களப் பாரு. நிறைய பேரு கன அடி என்ன விலைன்னு கேட்டுட்டு வண்டில ஏத்திடுவாங்க. எஸ்டேட்டுல ஒரு பேட்டர்ன்காரர் இருக்காரு. ஒரு பலகைக்கு அரை நாள் நிப்பாரு. தட்டிப் பாப்பாரு, முனைய மோந்து பாப்பாரு, இருபது பலகையப் புரட்டி ஒண்ணு எடுப்பாரு. எங்களுக்கு அவரு வந்தாலே எரிச்சல். அவருகிட்ட போ."

பேட்டர்ன்காரர் என்றால் வார்ப்பாலைகளுக்கு மரத்தில் மாதிரி செய்து கொடுப்பவர். அவர் செய்த மர மாதிரியை மணலில் பதித்து எடுத்தால்தான் உருக்கிய உலோகம் ஊற்ற அச்சு கிடைக்கும். வார்ப்பிரும்பு ஆறும்போது மீட்டருக்குச் சுமார் 10 மி.மீ. சுருங்கும். எஃகு சுமார் 20 மி.மீ. அதையெல்லாம் முன்கூட்டியே சேர்த்து அளக்க அவரிடம் தனி ஸ்கேல் இருக்கிறது. நாளைக்கு என்ன ஆகும் என்று யோசித்து இன்றைக்கு மரத்தை வெட்டுகிற தொழில் அது. காஷ்மீரில் ஸ்ரீநகர் ரைனாவாரியிலும், பீகாரில் முங்கேரிலும் பரம்பரையாகத் துப்பாக்கி செய்கிற பட்டறைகள் உண்டு. காஷ்மீர் வால்நட் மரம் கட்டைக்குப் பெயர் பெற்றது. அத்தனை தூரம் போக முடியாத நமக்கு, அம்பத்தூரிலேயே இப்படி ஒரு கை இருக்கிறது என்பது மில்லில் கூலி வேலை செய்கிறவருக்குத்தான் தெரிந்திருக்கிறது.

பெரியவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். அக்காவும் நானும் போனோம். அவர் கேட்ட முதல் கேள்வி, "லைசென்ஸ் வேணுமா வேணாமா இதுக்கு?" நியாயமான கேள்வி. 1959-ம் வருட ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைச் செய்வதற்கு மட்டுமில்லை, பழுது பார்ப்பதற்கும் உரிமம் வேண்டும். குழலின் உள்விட்டம் .177 அங்குலத்துக்கும், வேகத்தின் ஆற்றல் 20 ஜூலுக்கும் மேற்படாத காற்றுத் துப்பாக்கிக்குத்தான் 2016-ம் வருட விதிகள் விலக்கு தருகின்றன. ரசீதைக் காட்டினோம். வேறு வகைத் துப்பாக்கி என்றால் உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடைக்குத்தான் போக வேண்டும். எவ்வளவு கெட்டிக்காரத் தச்சராக இருந்தாலும் அவரிடம் நீட்டக்கூடாது. இதைக் கேட்காமல் வாங்கி வைத்துக்கொள்கிறவரிடம் வேலை கொடுக்காதீர்கள்.

அப்புறம் கேள்விகள் வரிசையாக வந்தன.

"எந்தக் கண்ணும்மா மூடுவ?"

"மூட மாட்டேன் ஐயா. ரெண்டும் தொறந்துதான் இருக்கும்."

"நின்னுகினு சுடுவியா, படுத்துகினா?"

"நின்னுதான்."

"சுடச்சொல்லோ மேல இன்னா போடுவ? தடியா கோட்டு கீட்டு உண்டா?"

"ஆமாங்கய்யா, கேன்வாஸ் கோட்டு ஒண்ணு."

"அப்போ அத்த எட்த்துகினு நாளிக்கு வா. இப்ப அளந்தா தப்பாப் பூடும்."

அன்றைக்கு அவர் டேப்பைக் கையில் எடுக்கவே இல்லை! மறுநாள் அக்கா கோட்டைப் போட்டுக்கொண்டு நிற்க, விசையிலிருந்து தோள் வரை, கன்ன எலும்பிலிருந்து கண் வரை, கட்டை விரலிலிருந்து ஆள்காட்டி விரல் நுனி வரை அளந்தார். பிறகு மட்ட மரத்தில் ஒரு மாதிரிக் கட்டை செய்து கொடுத்து, "ஒரு வாரம் இத்த வச்சி நில்லு. எங்க வலிக்குதுன்னு வந்து சொல்லு" என்றார். வலித்த இடத்தை அரத்தால் ராவிக் குறைத்தார். இரண்டு தடவை இப்படி நடந்தது. அதற்குப் பிறகுதான் பட்டறை மூலையில் பல வருடமாகக் காய்ந்துகொண்டிருந்த மகாகனிப் பலகை ஒன்றை எடுத்தார்.

இரும்பு பாகம் மரத்துக்குள் உட்காருகிற பள்ளத்தை அவர் வெட்டிய விதத்தைச் சொல்ல வேண்டும். விளக்குக் கரியில் எண்ணெய் குழைத்து இரும்பில் தடவி, மரத்தில் வைத்து அழுத்தி எடுப்பார். கரி ஒட்டிய இடம் மேடு. அதை மட்டும் உளியால் சீவுவார். மறுபடி வைப்பார். மறுபடி சீவுவார். ஃபிட்டிங் ஷாப்பில் சர்ஃபேஸ் பிளேட்டில் புருஷியன் புளூ தடவி நாம் பார்க்கிறோமே, அதே வித்தைதான். இரும்பு எல்லா இடத்திலும் சமமாகப் படிய வேண்டும். ஒரு மூலையில் மட்டும் தாங்கினால் உதை முழுவதும் அங்கேயே இறங்கி மரம் பிளந்துவிடும். காற்றுத் துப்பாக்கிக்கு என்ன பெரிய உதை என்று நினைக்காதீர்கள். ஸ்பிரிங் வகையில் உள்ளே பிஸ்டன் பாய்ந்து போய் நிற்பதால் முன்னும் பின்னும் இரண்டு பக்கமும் அதிரும், திருகாணி தளரும். அதற்காகப் போல்ட் போகிற துளைகளில் அலுமினிய புஷ் வைத்தார். கடைசியில் ஆளிவிதை எண்ணெயைக் கையாலேயே பல நாள் தேய்த்தார். வெளியே மட்டுமில்லை, இரும்புக்கு அடியில் மறைந்துபோகிற பள்ளத்திலும், பின் தகட்டுக்கு உள்ளே யார் கண்ணிலும் படாத வெட்டு முனையிலும் தேய்த்தார். ஈரம் உள்ளே நுழைகிற வாசலே அந்த வெட்டு முனைதான். ஐந்து வாரம் ஆனது. 6,000 ரூபாய். பார்க்க முதல் கட்டை அளவுக்குப் பளபளப்பு இல்லை. ஆனால் ஒரு ஐப்பசி, ஒரு கார்த்திகை, ஒரு அக்னி நட்சத்திரம் பார்த்துவிட்டது. கீறல் இல்லை.

இப்போது சிலர் கேட்பார்கள்: "சி.என்.சி. காலத்தில் இதெல்லாம் எதுக்குப்பா? ஸ்கேன் பண்ணி மெஷின்ல போட்டா அரை மணி நேரத்துல வெட்டித் தள்ளிடும்." உண்மைதான். நானும் சி.என்.சி. படிக்கிறவன்தான், அதை நம்பித்தான் வேலைக்குப் போகப் போகிறேன். மெஷின் வெட்டும். எதை வெட்டுவது? கோட்டு போட்டிருக்கும்போது தோள் எங்கே இருக்கிறது என்று மெஷினுக்கு யார் சொல்வது? அந்தப் பெரியவர் கேட்ட கேள்விகளைக் கேட்கத் தெரியாமல் நாம் புரோகிராம் எழுதினால், மரச்சாமான் கடைக்காரர் செய்த அதே கட்டையை இன்னும் துல்லியமாக, இன்னும் வேகமாகச் செய்து கொடுப்போம். அதுவும் பிளக்கும்.

இன்னொரு வாதம், காசு. "6,000 எங்கே, 4,500 எங்கே?" பிளந்த கட்டையோடு சேர்த்து அக்காவுக்கு ஆனது 10,500 என்பதை நினைவில் வையுங்கள். வசதி இல்லாதவர்களுக்குத்தான் சரியான ஆளைத் தேர்ந்தெடுக்கிற அறிவு முக்கியம். பணக்காரர் இரண்டாவது தடவை வாங்கிக்கொள்வார். நம் வீடுகளில் இரண்டாவது தடவை என்பது கடன்.

வள்ளுவர் 'தெரிந்துவினையாடல்' என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். பள்ளியில் மனப்பாடம் செய்தபோது அது ராஜாக்களுக்குச் சொன்னது என்று நினைத்தேன். ஒரு கட்டை செய்யக் கொடுக்கிற மாணவிக்கும் அதுதான் பாடம். ஆகவே நண்பர்களே, கட்டையோ, கதவோ, வீடோ, எதுவாக இருந்தாலும் ஆளைத் தேடும்போது நான்கு விஷயம் பாருங்கள். சட்டப்படி செய்யலாமா என்று கேட்கிறாரா? பொருளை யார், எப்படிப் பயன்படுத்தப் போகிறார் என்று கேட்கிறாரா? மரத்தை எப்படி வாங்குகிறார்? மூடிய பிறகு கண்ணுக்குத் தெரியாத இடத்தில் என்ன செய்கிறார்? படங்களைக் கடைசியாகப் பார்த்துக்கொள்ளலாம்.

ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முதலாமாண்டில் கார்பென்டரி ஷாப் வந்தால் நம்மில் பலருக்கு முகம் சுளிக்கிறது. "இதுக்கா டிப்ளமா படிக்க வந்தோம்?" என்று கேட்கிறோம். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். நான் மரத்தூள் படாமல் வேலை பார்க்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. அவர் ஆசை எனக்குப் புரிகிறது. முப்பது வருடம் அந்தத் தூளைச் சுவாசித்தவர் அவர். ஆனால் மரத்தூளோடு சேர்த்து அவருக்குத் தெரிந்ததையும் வீட்டு வாசலிலேயே உதறிவிட்டு உள்ளே வா என்று படிப்பு என்னிடம் சொன்னால், அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். அவர் சொன்ன அரை நிமிஷத் தீர்ப்புக்கு விலை போட்டால், அவருடைய ஒரு நாள் கூலியைவிட அதிகம் வரும்.

நம் மாணவர் மன்றத்துக்கு ஒரு கோரிக்கையோடு முடிக்கிறேன். ஒவ்வொரு வருடமும் மன்றத் தொடக்க விழாவுக்குப் பெரிய கம்பெனி மேலாளர்களை அழைக்கிறோம். நல்லதுதான், வேலை கொடுப்பவர்கள் அவர்கள். வருகிற ஆண்டு அவர்களோடு அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து ஒரு பேட்டர்ன் தொழிலாளியையும் மேடைக்கு அழையுங்கள். பொன்னாடை போர்த்தியதும் அனுப்பிவிடாமல், மதியம் நம் கார்பென்டரி ஷாப்பில் ஒரு மணி நேரம் உட்கார வையுங்கள். பேசத் தயங்குவார். கையில் ஒரு பலகையைக் கொடுங்கள், போதும்.

— இரண்டாமாண்டு மாணவன்,
இயந்திரவியல் பட்டயப் பிரிவு